பன்னிரண்டாவது பாட்டில்

வேணுகோபால் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் விழுந்து செத்தார் என்றுதான் ஆரணியில் இன்றைக்கும் பேச்சு. பேசுகிறவர்களுக்கு என்ன, நாக்கா தேய்ந்துவிடப் போகிறது? ஆனால் ஊரைச் சொல்லி என்ன பயன். அவர் மனைவி ஸ்வர்ணலதாவே பதினைந்து நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்து, "பாவம், எவ்ளோ பட்டிருப்பா அந்தாளு கைல" என்று அவளுக்காகவும் சேர்த்துப் பேசிவிட்டுப் போனார்கள்.

பட்டது உண்மைதான். வேணுகோபால் நல்ல தறிக்காரர். கொசப்பாளையத்தில் அவர்கள் வீட்டு முன்னறையில் இரண்டு குழித்தறிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தெருவைப் பார்த்தது அவருடையது, உள்ளே தள்ளி இருப்பது லதாவுடையது. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரே நேரத்தில் இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடித்தால் அறையின் தரையே அதிரும். பட்டுப் புடவையின் உடம்புக்கும் முந்தானைக்கும் வேறு வேறு நிறம் வைத்து நெய்தால் இரண்டும் சேருகிற இடத்தில் அவர் போடும் இணைப்பை விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. நடுவில் ஆறு வருஷம் சவூதிக்குப் போய் ஒரு சலவைக் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தார். திரும்பி வந்த பிறகு மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். குடியும் கூடவே வந்து உட்கார்ந்தது. எதனால் ஆரம்பித்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒரு கட்டத்தில் மதுக்கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதற்காகப் பத்து மணிக்கே சவரம் செய்துகொண்டு சட்டை போட்டு நிற்பார். கல்யாண வீட்டுக்குப் போகிற மனிதனைப் போல அந்த நேரத்தில் மட்டும் அப்படி ஒரு சுறுசுறுப்பு.

கை நடுங்க ஆரம்பித்தது. குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடா பாதி வழியில், தறியில் நீளமாகக் கட்டிய பாவு நூலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு புடவை கெட்டது, இரண்டாவது கெட்டது. பாவு கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி ஒன்றும் திட்டவில்லை, அடுத்த பாவைக் கொடுக்காமல் விட்டார், அவ்வளவுதான். ஒரு வருஷமாக வேணுகோபாலின் தறி வெறும் கட்டையாக நின்றது. கால் தொங்கப்போடும் குழியின் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடிவிட்டார்கள். லதா பக்கத்துத் தறியில் தனியாக அடித்துக்கொண்டிருந்தாள்.

போன கார்த்திகையில் தானாகவே நிறுத்திப் பார்க்கிறேன் என்று நிறுத்தி, மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார். வேலூரில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, மாத்திரை கொடுத்து, ஆளைத் தேற்றி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் கடைப்பக்கம் போகவில்லை. பகல் பொழுது எப்படியோ போய்விடும். மாலை ஆறு மணி வந்தால்தான் மனிதர் கூண்டில் போட்ட மாதிரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். செருப்பைப் போடுவார், கழற்றுவார். லதா தறியில் இருந்தபடியே செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். செருப்பு கழலும் சத்தம் கேட்கிறவரை அவளுக்கு மூச்சு நிற்கும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அப்படி நடந்து நடந்து, அவள் தறிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"லதா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத."

"இன்னா சொல்லுங்க."

"ஊட்லயே கொஞ்சம் பீர் செஞ்சு வச்சுக்கலாம்னு பாக்கறேன். சவூதில ரூம்ல செய்வாங்க. எனக்குத் தெரியும்."

லதா பலகையை விட்டாள். "பன்னெண்டு நாளு ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தது பத்தலையா உங்களுக்கு?"

"முழுசா கேளு. கடைக்குப் போனா அளவு என் கைல இல்ல. கால் தானா போவுது, கை தானா வாங்குது. ஊட்ல செஞ்சா அளவு உன் கைல. ஆறு மணிக்கு நீ ஒரு டம்ளர் ஊத்திக் குடு. அதுக்கு மேல கேட்டா பூட்டிட்டுப் போயிடு."

"போலீஸ் கீலீஸ் வந்தா?"

"பன்னெண்டு பாட்டிலுக்கு எவன் வரப்போறான்?"

வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம்தான் என்பது இருவருக்கும் தெரியும். எந்த டாக்டர் காதில் போட்டிருந்தாலும் எழுந்து வந்து அறைந்திருப்பார் என்பதும் தெரியும். குடித்துப் பழகியவன் குடியை விடாமல் குடியை விடுவதற்குப் போடுகிற திட்டம் இது. லதா இருபத்தெட்டு வருஷத்தில் இதுபோல எத்தனையோ பார்த்தவள். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டாள்.

"அது எப்போ ரெடி ஆவும்?"

"எல்லாம் சேர்த்து ஒரு மாசத்துக்கு மேல ஆவும். அது வரைக்கும் ஒரு சொட்டு கெடையாது. மொத பாட்டில நீதான் தொறக்கணும். நான் மூடில கைய வைக்க மாட்டேன். இது சத்தியம்."

அவர் பீரைப் பற்றிச் சொன்னார். அவள் ஒரு மாதத்தைப் பற்றி மட்டும் நினைத்தாள். ஒரு மாதம் குடிக்காமல் இருப்பார் என்றால், அந்த ஒரு மாதத்துக்காக எதையும் காய்ச்சிக்கொள்ளட்டும். சரி என்று தலையாட்டினாள்.

முதலில் மளிகைக் கடையில் பார்லி வாங்கி ஊறப்போட்டார். மூன்று நாள் ஆகியும் முளைக்கவில்லை, நாற்றம்தான் வந்தது. தீட்டிய பார்லி எங்கே முளைக்கும்? பிறகு கேழ்வரகுக்கு மாறினார். ஊறவைத்து, பழைய வேட்டியில் மூட்டை கட்டி, நூலாக முளை விட்டதும் மாடியில் காயவைத்து, மில்லில் கொடுத்து ரவையாக உடைத்துக்கொண்டு வந்தார். கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத தண்ணீரில் அதைக் கரைத்து, அடுப்பை ஏற்றியும் இறக்கியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காவல் காத்தார். அரை மணிக்கு ஒரு தரம் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். கஞ்சி இனிக்க ஆரம்பித்ததும், "லதா, இங்க வா, இத்தப் பாரு" என்று கூப்பிட்டார். சர்க்கரை போடாத கேழ்வரகுத் தண்ணீர் பாயசமாக இனித்தது. அவள் சிரித்துவிட்டாள்.

வடிகட்ட வீட்டில் இருந்த எந்தத் துணியும் அவருக்குப் பிடிக்கவில்லை. பெட்டியைக் குடைந்து, தான் கெடுத்த புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து எடுத்தார். அரக்குப் பட்டு. அதை நான்கு முறை வெந்நீரில் அலசிச் சாயம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு அதில் வடித்தார். தண்ணீர் கண்ணாடியாக இறங்கியது. "கெட்டதும் ஒண்ணுத்துக்கு உதவுது பாத்தியா" என்றார். கசப்புக்கு நிலவேம்புப் பொடியைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பேக்கரியில் கேட்டு வாங்கி வந்த ஈஸ்ட்டைக் கலந்து, தண்ணீர் கேனில் ஊற்றி மூடி, மூடியில் ஒரு டியூபைச் சொருகி அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். மறுநாளே குமிழி வர ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு விசைத்தறி காலையிலிருந்து தடதடவென்று ஓடும். அது நிற்கிற சாப்பாட்டு நேரத்தில் மட்டும் குளுக், குளுக் என்று கேன் பேசுவது கேட்கும். வேணுகோபால் அதன் எதிரில் உட்கார்ந்து, நிமிஷத்துக்கு எத்தனை குமிழி என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுவார். ஆறு மணிக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். செருப்பைத் தேடவில்லை.

எட்டு நாளில் குமிழி அடங்கியது. காயலான் கடையில் காலி பாட்டில் பன்னிரண்டு பொறுக்கி வந்து, கொதிநீரில் போட்டு, பிரஷ் விட்டுக் கழுவினார். மூடி அழுத்துகிற கைக்கருவியை சோடாக் கம்பெனி சின்னப்பையனிடம் இரவல் வாங்கினார். பெயர்தான் சின்னப்பையன், ஆளுக்கு அறுபத்தைந்து வயது. எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். கேட்டிருந்தால் வேணுகோபால் சொல்லியிருக்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து அடைத்தார்கள். பாட்டிலுக்கு ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை போடுவது லதாவின் வேலை. அப்போதுதான் உள்ளே காற்று சேருமாம். ஊற்றுவதும் மூடுவதும் அவர் வேலை. பன்னிரண்டு பாட்டிலிலும் கழுத்தில் ஒரே மட்டம் வரைக்கும் ஊற்றினார். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. நான்காவது பாட்டிலில்தான் லதா அவர் கையைக் கவனித்தாள். நடுக்கம் இல்லை. அவள் கவனிப்பதை அவரும் பார்த்தார்.

"திங்கக்கெழம இல்லனா அடுத்த வாரம் மொதலாளியப் போய் பாக்கப் போறேன். ஒரு பாவு குடுங்கன்னு கேக்கப் போறேன்" என்றார்.

"கேளுங்க. இல்லன்னா சொல்வாரு?" என்றாள் லதா. அடுத்த பாட்டிலில் சர்க்கரையைப் போட்டாள்.

பங்குனி வெயிலில் அந்த வீட்டில் குளிர்ந்த இடம் ஒன்றுதான். அவருடைய தறிக்குழி. மண்ணுக்குள் இடுப்பளவு ஆழம், வெளிச்சம் படாது, கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். தறிக்குழிக்குள் செருப்போடு கால் வைக்காத குடும்பம் அது. அதில் போய்ப் பீர் பாட்டிலா என்று லதா தயங்கினாள். "தறி சும்மாத்தானே கீது, கோச்சுக்காது" என்று அவர் கும்பிட்டுவிட்டு இறங்கினார். பாட்டில்களைச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் இருக்க நடுவில் கழிவுப் பட்டு நூலைத் திணித்தார். மேலே பலகையைப் போட்டார். நாட்காட்டியில் இருபத்தோராம் நாளுக்கு ஒரு வட்டம் போட்டார்.

பக்கத்துத் தறியை மட்டும் அவர் யோசிக்கவில்லை. முப்பது வருஷம் அந்த அதிர்விலேயே உட்கார்ந்து எழுந்தவருக்கு அது அதிர்வாகவே தெரியவில்லை. லதா காலையிலிருந்து மாலை வரை பலகை அடிப்பாள். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும், தரையோடு குழியும், குழியோடு பாட்டிலும். கடைசியில் இருந்த பாட்டிலுக்கும் குழிச் சுவரில் துருத்தியிருந்த கருங்கல்லுக்கும் நடுவில் பட்டு வைக்க மறந்திருந்தார்.

எட்டாம் நாள் காலை, வேணுகோபால் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, முதலாளியைப் பார்க்கக் கிளம்பினார். முதலாளி இப்போது பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார், பஸ் பிடிக்க வேண்டும். லதா தறியில் இருந்தாள். பக்கத்து விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர் குடிக்கக் கொல்லைக்குப் போய், அப்படியே துணிகளை அலசிப் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது அவர் குழியிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. அந்த வாடை அவள் முகத்தில் அடித்தது.

இருபத்தெட்டு வருஷத்துக் கோபம் அவளுக்கு ஒரே நேரத்தில் வந்தது.

"தொறந்துட்டியா?"

"லதா, இல்ல, நான் சொல்றத..."

"வாயத் தொறக்காத. நாறுது."

"நீ வந்து எண்ணிப் பாரு. வந்து பாரேன் மொதல்ல."

"எண்ண வேற எண்ணணுமா நானு? சத்தியம் பண்ணுனியே, மூடில கை வைக்க மாட்டேன்னு. எட்டு நாளு தாங்கல இல்ல உனக்கு? எங்கனா போ. என் கண்ணு முன்னால நிக்காத."

அவள் தறியில் உட்கார்ந்து பலகையை இழுத்து அடித்தாள். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே நின்றார். வாய் அசைவது தெரிந்தது. அவள் இன்னும் வேகமாக அடித்தாள். தன் தறிச் சத்தத்தாலேயே அவர் பேச்சை மூடினாள். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

மிச்சத்தைப் பூக்காரி காத்தாயிதான் வந்து சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் சுவர் ஓரமாக உட்கார்ந்தாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவரிடம் ஏதோ கேட்டாராம். அந்த ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டான். பிறகு சரிந்து படுத்துவிட்டார். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ஆள் மேல் ஆள் தாண்டிப் போனார்கள்.

"தண்ணி போட்டுட்டுக் கெடக்கறாருன்னு எல்லாரும் போயிட்டாங்க. பொய் சொல்ல மாட்டேம்மா, நானும்தான் அப்படி நெனச்சுகினு பூ கட்டிகினு இருந்தேன். மூஞ்சில ஈ மொய்க்கவும்தான் போய்த் தொட்டுப் பார்த்தேன்" என்று சொல்லி அழுதாள். லதா அழவில்லை. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போதும் அழவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போனவனுக்கு எதற்கு அழுகை என்று இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். போட்டோவுக்கு மாலை போட்டு, இலை போட்டு, இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார்கள். வேணுகோபாலின் தம்பி தீனா, பையிலிருந்து ஒரு குவார்ட்டர் பிராந்தியை எடுத்து வடைக்குப் பக்கத்தில் வைத்தார். அப்படி வைப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம்தான். 

"அண்ணனுக்குப் புடிச்சது, அண்ணி" என்றார் தீனா. லதா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பாவோட நாடாவையும் வைக்கலாம்மா" என்றாள் மகள் சுகன்யா. "எங்க கீது?"

நாடா குழிச் சுவரில் இருக்கிற சின்ன மாடத்தில் இருக்கும். லதா அந்தப் பதினைந்து நாளும் அந்தக் குழிப் பக்கம் போகவில்லை. நானே எடுக்கிறேன் என்று எழுந்து போய்ப் பலகையை நகர்த்தி இறங்கினாள்.

பாட்டில்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மூடி அழுத்தமாக இருந்தது. எண்ணினாள். பதினொன்று. சரிதான், ஒன்றைத் திறந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே திரும்பியபோது, மூலையில் நியூஸ்பேப்பரில் மடித்து, தறி நூலால் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தாள். உடைந்த கண்ணாடி. பெரிய சில்லு, பொடிச் சில்லு, எல்லாம் பொறுக்கி வைத்திருந்தது. பாட்டிலின் கழுத்து முழுசாக இருந்தது. அதன் மேல் மூடி அழுத்தியபடியே இருந்தது, திறக்கப்படவில்லை. பேப்பரில் அவர் செத்துப்போன நாளின் தேதி. பக்கத்தில் அவருடைய பழைய வேட்டி, துடைத்துப் பிழிந்து மடித்து வைத்தது. மொடமொடவென்று காய்ந்திருந்தது. மூக்கில் வைத்தாள். அன்றைக்கு அவர் சட்டையில் அடித்த அதே வாடை.

மிச்சமிருந்த பதினொரு பாட்டிலையும் கல்லை விட்டுத் தள்ளி நகர்த்தி, சுற்றிலும் புதிதாகப் பட்டு நூலைத் திணித்துவிட்டுத்தான் அவர் மேலே ஏறியிருக்கிறார்.

எண்ணிப் பாரு என்று சொன்னாரே. வந்து பாரேன் என்று சொன்னாரே.

குழிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். லதா குழியில் மண்டியிட்டு, வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள். பதினைந்து நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. சுகன்யா இறங்கிப் பிடித்து மேலே ஏற்றினாள்.

"அவரு குடிக்கல" என்றாள் லதா, எல்லோர் முகத்தையும் பார்த்து. "பாட்டிலு ஒடஞ்சிருக்குது. என் தறி ஆடி ஆடி ஒடஞ்சிருக்குது. பொறுக்கித் தொடைக்கறப்ப சட்டைல பட்டிருக்குது. சொல்ல வந்தாரு. நான்தான் பேச உடல. அந்தச் சட்டையோடவே தொரத்தி உட்டேன். அந்த வாடையாலதான் ஒருத்தனும் அவரத் தொடல."

 தீனா பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். பாட்டில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லதா போட்டோவுக்கு முன்னால் போனாள். குவார்ட்டரை எடுத்து மைத்துனர் கையில் கொடுத்தாள்.

"இத எடுத்துக்க தீனா. இத அவரு உட்டுட்டாரு."

நாடாவை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். நாட்காட்டியில் வட்டம் போட்ட தேதி இரண்டு நாளைக்கு முன்பே போய்விட்டிருந்தது. குழியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். ஓப்பனர் அந்த வீட்டில் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தன் கையாலேயே மூடியைத் திறந்தாள். உஸ் என்று சத்தம் வந்தது. வெள்ளையாக நுரை ஏறிக் கழுத்து வரை வந்து நின்றது. நன்றாகத்தான் வந்திருந்தது.

எவர்சில்வர் டம்ளரில் மெதுவாக ஊற்றினாள். விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தினாள். பாட்டிலில் இன்னும் நிறைய இருந்தது. தீனா கையை நீட்டி, "முழுசா வச்சிடுங்க அண்ணி" என்றார்.

"வேணாம்" என்றாள் லதா. மூடியைத் திரும்பப் பாட்டிலின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, போட்டோவைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு டம்ளருதாங்க. அவ்ளோதான்."